உப்புக் குறைந்த பொட்டலம்

சலவைக் கடையில் இஸ்திரி போடும் அந்தப் பெண்ணை எல்லோரும் ‘ஏகாதசி அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஏகாதசி வந்துவிட்டால் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. அந்த வெறும் வயிற்றோடு ஆவி பறக்கும் மேசை முன்னால் நிற்பாள். “விரதம் உனக்கு, தாகம் எனக்கு” என்று முதலாளி அலுத்துக்கொள்வார்.

அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். ஒருமுறை வண்டி பள்ளத்தில் உருண்டு, அவர் நினைவில்லாமல் கிடந்தபோது பெருமாளிடம் வேண்டிக்கொண்ட விரதம் அது. அவர் எழுந்து நடந்தார். அன்றிலிருந்து ஒரு ஏகாதசியும் தவறியதில்லை. தான் சாப்பிடாத நாளில் நாலு பேராவது சாப்பிடட்டும் என்று, புளிச்சோறு கிளறிப் பொட்டலம் கட்டி, ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு துணைக்கு இருப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள்.

அன்று கடைசிப் பொட்டலம், பிரசவ வார்டு வாசலில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளுக்குப் போனது. அக்கா காலிப் பையை மடிக்கும்போது நர்ஸ் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“ஓ நெகட்டிவ் ரத்தம் யாருக்காவது இருக்கா? உள்ளே பிள்ளை பெத்த பொண்ணுக்கு ரத்தப்போக்கு நிக்கல. இருந்ததை ஏத்தியாச்சு.”

பொட்டலம் வாங்கிய அம்மாள் எழுந்து நின்றாள். “எம் பொண்ணுக்கா?”

நர்ஸ் தலையாட்டிவிட்டு மற்றவர்களைப் பார்த்தாள்.

“எனக்கு அதுதான்” என்றாள் அக்கா.

“வாங்க. எப்போ சாப்பிட்டீங்க?”

“நேத்து சாயங்காலம்.”

“இன்னிக்குத் தண்ணியாவது குடிச்சீங்களா?”

இல்லையென்று தலையாட்டினாள்.

“அப்போ எடுக்க முடியாதும்மா. நீங்க சுருண்டு விழுந்தா ரெண்டு பேரை நான் பார்க்கணும்.”

“ஒரு பழம் சாப்பிட்டா போதுமா?”

“வயிறாரச் சாப்பிடணும். அதுவும் இப்பவே.”

 வீட்டுக்காரர் இந்நேரம் பாரம் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருப்பார். போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. எந்த உயிருக்காக இத்தனை வருஷம் வயிற்றைக் கட்டினாளோ, அந்த உயிர் வளைவில் திரும்பும் நேரத்திலா விரதத்தை முறிப்பது?

அந்த அம்மாள் பிரிக்காத பொட்டலத்தை இரண்டு கையாலும் ஏந்தி அக்கா முன்னால் நீட்டினாள். இத்தனை நாளும் கொடுத்தே பழகிய அக்காவுக்கு, வாங்கக் கை எழவில்லை.

‘பெருமாளே, குத்தம்னா என்மேல வச்சுக்கோ. அவரை விட்டுடு.’

பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தாள். முதல் கவளம் தொண்டையில் அடைத்தது. அம்மாள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். இரண்டாவது வாயில்தான் ருசி தெரிந்தது. விரத நாளில் சமைப்பதால் இதுவரை அவள் ருசி பார்த்ததே இல்லை.

“உப்பே இல்லையே” என்றாள் திகைத்துப்போய். “இத்தனை வருஷத்தில ஒருத்தரும் சொல்லலியே.”

“பசியில யாரும்மா உப்பைப் பார்க்கிறாங்க? சாப்பிடுங்க.”

அள்ளி அள்ளி விழுங்கினாள். சாப்பாடு செரிக்கட்டும் என்று நர்ஸ் கொஞ்ச நேரம் உட்காரவைத்தாள். அதற்குள் வார்டுக் கதவு மூன்று நான்கு முறை திறந்து மூடியது. ஒவ்வொரு முறையும் அந்த அம்மாள் எழுந்தாள், உட்கார்ந்தாள். பிறகு விரலில் குத்திப் பார்த்தார்கள், கையில் ஊசி ஏறியது. பை நிரம்பியதும் நர்ஸ் அதைத் தூக்கிக்கொண்டு பரிசோதனைக்கு ஓடினாள்.

வராந்தாவுக்குத் திரும்பியபோது போன் அடித்தது. அவர்தான்.

“என்ன, ரெண்டு தடவை கூப்பிட்டிருக்கே? பின் டயர் வெடிச்சிடுச்சு. மாத்திக்கிட்டு இருந்தேன்.”

அக்கா பதறினாள். “உங்களுக்கு?”

“எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். கையெல்லாம் கரி, அவ்வளவுதான். ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?”

நடந்ததைச் சொன்னாள். 

“கோவமா?”

“என்னை அடிபட்டுக் கொண்டுவந்து போட்டப்போ ரத்தம் கொடுத்தவன் யாருன்னு இன்னிக்கு வரைக்கும் நமக்குத் தெரியாது. இதுல கோவப்பட என்ன இருக்கு? ராத்திரியும் சாப்பிடு.”

டயர் வெடித்தது தண்டனையா, அவர் பிழைத்தது கருணையா என்று யோசித்துப் பார்த்தாள். பிடிபடவில்லை. அம்மாளின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். இருவரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெயில் சாய்ந்த பிறகுதான் நர்ஸ் வந்தாள். “ரத்தப்போக்கு நின்னுடுச்சு. கண்ணைத் திறந்து பிள்ளையைக் கேட்டா.”

அம்மாள் செருப்பைக்கூட மாட்டாமல் உள்ளே ஓடினாள். அக்கா எழுந்தாள். தலை லேசாகச் சுற்றியது. மறுபடி உட்கார்ந்து, முதலாளிக்குப் போன் போட்டு, இன்று வேலைக்கு வரமுடியாமல் போய்விட்டது என்றாள்.