பதினாலு கிணற்றடிகள்

பரிமளத்தைப் பற்றி நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொல்லத் தொடங்கினால், என் உத்தியோகத்தில் நான் தோற்றுப்போன ஒரு மாதத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும்.

எழுபத்துநாலில் நான் நெடுந்தீவில் சுகாதாரப் பரிசோதகராக இருந்தேன். மாசி மாதம் மேற்குக் கரையில் இரண்டு பேருக்கு வாந்திபேதி கண்டது. கொலராதான் என்று யாழ்ப்பாணத்திலிருந்து முடிவு வந்தது. எனக்குப் பொறுப்பான பகுதியில் நல்ல தண்ணீர்க் கிணறுகள் பதினாலு; மிச்சமெல்லாம் உவர். அந்த வெள்ளிக்கிழமை பின்னேரமே குளோரின் தூள் அடைத்த தகரப் பேணிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்ப் பதினாலிலும் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊரில் ஒரு கதை உலாவியது. தம்பிராசாவின் மனைவி பரிமளம் அந்தத் தண்ணீரைக் குடித்ததால்தான் அவளுடைய மூன்று மாதக் கரு கலைந்ததாம். செவ்வாய்க்கிழமை கேட்டபோது கதையில் மூன்று பெண்களுக்குக் கலைந்திருந்தது. வியாழக்கிழமை, எங்கள் சனத்தைக் குறைப்பதற்கென்றே கொழும்பிலிருந்து அனுப்பிய தூள் என்றாகிவிட்டது. குடிதண்ணீருக்குப் பெண்கள் கிணறுகளை விட்டுவிட்டு, மாடு குடிக்கிற குளத்துக்குக் குடத்தோடு போனார்கள்.

நான் செய்யாதது இல்லை. நோட்டீசு ஒட்டினேன். ஒலிபெருக்கி கட்டிக் கத்தினேன். எல்லாரும் பார்க்க ஒரு வாளித் தண்ணீரை அள்ளிக் குடித்தேன். அவர் ஆம்பிளைதானே, அவருக்குக் கலைய என்ன கிடக்கு என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பத்தாம் நாள் கமலாதேவி இறந்தாள். பரிமளத்தின் பக்கத்து வளவுக்காரி, ஐந்து மாதக் கர்ப்பிணி. வயிற்றுப் பிள்ளையைக் காப்பாற்றவென்று குளத்துத் தண்ணீரை மட்டுமே குடித்து வந்தவள். யாழ்ப்பாணம் கொண்டுபோகிற வழியில், வள்ளத்திலேயே உயிர் போய்விட்டது.

அடுத்த நாள் காலை பரிமளம் என் கந்தோர் மேசையடிக்கு வந்தாள். இருபத்தேழு வயதிருக்கும். உட்காரச் சொல்லிக் கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. நின்றபடியே சொன்னாள். தூள் போடுவதற்கு மூன்று நாள் முன்னரே, செவ்வாய்க்கிழமை, கரு கலைந்துவிட்டது. அது மூன்றாவது. இரண்டாவது கலைந்தபோதே மாமியார் சிவக்கொழுந்து, இன்னொருமுறை இப்படி நடந்தால் மகனுக்கு வேறு இடத்தில் பெண் பார்ப்பேன் என்று சொல்லியிருந்தாள். அந்தப் பயத்தில் புருசனுக்குக்கூடச் சொல்லாமல் மறைத்தாள். சனிக்கிழமைக்குமேல் மறைக்க முடியவில்லை. மாமியாரோ விபரம் கேளாமலே, இது அந்தத் தூளால்தான் என்று சொல்லி, அவளைக் கட்டிப்பிடித்து அழுது, சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தாள்.

"கலியாணம் கட்டி ஏழு வருசத்திலை மாமி என்னைத் தொட்டது அண்டைக்குத்தான், ஐயா. அதாலை பேசாமல் இருந்திட்டன்."

உம்முடைய பேர் வராமல் நானே ஊருக்குச் சொல்கிறேன் என்றேன். அவள் தலையாட்டி மறுத்தாள்.

"நீங்கள் சொன்னால் நம்பமாட்டினம். அது என்ர வாயாலை வந்த கதை இல்லை, என்ர வயித்தாலை வந்த கதை. நான்தான் சொல்லவேணும். பதினாலு கிணத்தடியிலும்."

நானும் கூடப் போனேன். முதல் கிணற்றடியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உடுப்புத் தோய்த்துக்கொண்டு நின்றார்கள். சிவக்கொழுந்தும் நின்றாள். பரிமளம் சத்தத்தை உயர்த்தவில்லை.

"தூள் விழுந்தது வெள்ளிக்கிழமை. என்ர பிள்ளை போனது செவ்வாய்க்கிழமை. பனையடியிலை நான்தான் கிடங்கு வெட்டித் தாட்டனான். கமலாதேவிக்கு இதைச் சொல்லாமல் விட்டதும் நான்தான்."

பிறகு வாளியை இறக்கி, அள்ளி, குடித்தாள். சிவக்கொழுந்து குடத்தை அந்த இடத்திலேயே வைத்துவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள்: "அப்ப பிழை உன்ர வயித்திலைதானோ?"

"ஓம் அக்கா," என்றாள் பரிமளம்.

எனக்கு நிலத்தைப் பார்க்கத்தான் முடிந்தது. தோய்த்த சீலையைப் பிழியாமல் பிடித்தபடியே எல்லாரும் நின்றார்கள்.

இரண்டாம் கிணற்றுக்குப் போகிற ஒழுங்கையில், கல்வேலியோரம் குந்திவிட்டாள். இன்றைக்குப் போதும், திரும்பிப் போம் என்றேன். முதல்தரம் என்ன நடக்கும் என்று தெரியாமல் சொல்லிவிட்டாளாம். இப்போது தெரிந்துகொண்டு சொல்லக் கால் எழும்பவில்லையாம். பிறகு சீலையைத் தட்டிவிட்டு எழுந்து எனக்கு முன்னால் நடந்தாள்.

எல்லாரும் நம்பிவிடவில்லை. நான் ஏதோ கொடுத்துச் சொல்லவைத்தேன் என்றும் கதைத்தார்கள். அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடும்படி சிவக்கொழுந்து மகனிடம் சொன்னது ஊர் முழுக்கத் தெரிந்தது. மூன்றாம் நாள், ஆறாவது கிணற்றடிக்குத் தம்பிராசா வந்தான். தோளில் கயிறு, கையில் வாளி. அவளை அனுப்பிவைக்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அவனோ, அவள் சொல்லி முடிக்கும்வரை நின்றுவிட்டு, தானே தண்ணீர் அள்ளி அவள் கையில் வார்த்தான். மிச்சக் கிணறுகள் எல்லாவற்றிலும் அவன்தான் அள்ளிக் கொடுத்தான்.

ஒரு கிழமையில் குளத்துப் பாதையில் குடங்கள் குறைந்தன. பங்குனி முடிவதற்குள் கொலரா வருத்தம் நின்றது. அதற்குள் ஏழு பேர் போய்விட்டார்கள். தான் முதல் நாளே பேசியிருந்தால் எத்தனை பேர் உயிரோடு இருந்திருப்பார்கள் என்று பரிமளம் ஒருமுறை என்னிடம் கேட்டாள். தெரியாது என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

சிவக்கொழுந்து ஒன்றரை வருடம் மருமகளோடு பேசவில்லை. குசினியைப் பிரித்துத் தனியாகச் சமைத்தாள். தம்பிராசா வேறு இடம் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவேயில்லை.

எழுபத்தொன்பதில் போலியோச் சொட்டு மருந்து கொடுத்தோம். மடத்தடியில் தாய்மார் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு நின்றார்களே தவிர முன்னுக்கு வரவில்லை. பரிமளக்கா வந்திட்டாவோ என்று ஒருத்தி கேட்டாள். ஆள் அனுப்பினேன். மாட்டுக்கு ஓலை கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தவள் கையைக் கழுவிவிட்டு வந்தாள். மர வாங்கில் உட்கார்ந்து, முதல் தாயிடமிருந்து பிள்ளையை வாங்கி மடியில் மல்லாத்தி, கன்னத்தை மெல்ல அழுத்தி வாயைத் திறந்து, என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் குனிந்து இரண்டு சொட்டு விட்டேன்.