தூக்கத்தில் அடித்த மாமா

1994 ஆடி மாதம். கீழ்பென்னாத்தூரில் நாங்கள் வேர்க்கடலை விதைத்துக்கொண்டிருந்தபோது, அக்கா திருவண்ணாமலையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். இடது கண்ணோரம் வீங்கிக் கறுத்திருந்தது.

கேட்டதற்கு, மாமா தூக்கத்தில் அடித்துவிட்டார் என்றாள். கனவில் யாருடனோ சண்டை போடுகிறாராம். கத்துகிறாராம், உதைக்கிறாராம், காலையில் எதுவும் நினைவில்லையாம். புருஷனைக் காட்டிக்கொடுக்காத பெண்கள் சொல்லும் கதைகளில் இது புதுசு என்று நினைத்தேன். எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. பிறந்த வீட்டில் கேட்க ஆளில்லை என்று நினைத்துவிட்டாரா என்று அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பினேன்.

மாமாவுக்குத் தேரடித் தெருவில் நெய்க்கடை. கிராமத்துக்காரர்கள் கொண்டுவரும் நெய்யைப் புறங்கையில் தேய்த்து ஒருமுறை முகர்ந்தாலே, நல்லதா, கலப்படமா, பழசா என்று சொல்லிவிடுவார். அந்த மூக்கை நம்பித்தான் கடை ஓடியது. ஆனால் கொஞ்ச காலமாக அவர் கடையில் காறல் நெய் என்று ஊரில் பேச்சு. குடிக்கிறார் போல, அதுதான் கவனமில்லை என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

நான் போனபோதும் புறங்கையை மூக்கருகே வைத்துக்கொண்டுதான் நின்றார். நெய் வாங்க வந்தவர்கள் பார்க்க, கன்னத்தில் அறைந்தேன். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். திருப்பி ஒரு வார்த்தை திட்டவில்லை.

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியலப்பா. அவளை இங்க அனுப்பாத. இன்னும் எதனா பண்ணிடப் போறேன்" என்றார்.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அக்கா எவ்வளவோ அழுதும் அனுப்பவில்லை. ஐந்து வருடம் எங்கள் வீட்டில் இருந்தாள். மாமா கடையை மூடிவிட்டுத் தனியாகப் பொங்கித் தின்றார்.

அவருக்குக் கை நடுங்குகிறது, நடை தளர்ந்துவிட்டது என்று யாரோ சொல்ல, அக்கா என்னைக் கேட்காமலே திரும்பிப் போனாள். வேலூரில் நரம்பு டாக்டரிடம் அழைத்துப்போகத் துணைக்கு நானும் போனேன். பார்க்கின்சன் நோய் என்றார் டாக்டர். வாசனை தெரிகிறதா என்று கேட்டார்.

"அது போயி பத்து வருஷமாச்சு சார். வெளிய சொன்னா கடைக்கு யாரு வருவாங்க?" என்றார் மாமா, மெதுவாக.

அக்காவுக்கே அது அன்றுதான் தெரியும். தூக்கத்தில் கத்துவாரா, கை காலை வீசுவாரா என்பது அடுத்த கேள்வி. சிலருக்கு இவையெல்லாம் நடுக்கத்துக்குப் பல வருடம் முன்பே வந்துவிடுமாம். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் மாமாவின் காலைப் பிடித்து அழுதேன். அவர் முகம் அசையவே இல்லை. சிரிப்போ கோபமோ முகத்தில் தெரியாமல் போவதும் இந்த நோய்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மன்னித்தாரா, வெறுத்தாரா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

மாமா போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. அவர் அடித்தது தூக்கத்தில். நான் நன்றாக விழித்திருந்துதான் அடித்தேன் என்பதை இன்றும் என்னால் தாங்க முடியவில்லை.