ஒரே ஒரு முறை தோய்த்தது

தேயிலை டப்பாவைத் திறந்ததும் ராசம்மா கண்ணை மூடிக்கொள்வாள். மூக்கு பார்த்துச் சொன்ன பிறகுதான் கைக்கு வேலை. "நனஞ்ச சாக்குல கெடந்த தூளு. போயி அவன் மூஞ்சியிலயே கொட்டிட்டு வாங்க" என்று கொட்டகலைக் கடைக்குப் பொட்டலத்தைத் திருப்பி அனுப்பிய நாட்கள் உண்டு. தேயிலைத் தோட்டத்தில் பதினெட்டு வருஷம் கூடை சுமந்து கொழுந்து எடுத்தவள். முழங்கால் ஏற்றத்துக்கு மறுத்த பிறகுதான் மலையை விட்டு மிஷன் வீட்டுச் சமையலறைக்கு வந்தாள். கூடைக் கயிறு அழுத்திய இடத்தில், உச்சந்தலையில், இன்னும் முடி முளைக்காத ஒரு பட்டை இருக்கிறது. எண்ணெய் வைக்கும்போது அந்த இடத்தை மட்டும் விரல் மெதுவாகக் கடக்கும்.

வீடு ஓல்சன் பாதிரியாருடையது. அமெரிக்காவில் எங்கோ கோதுமை விளையும் ஊரிலிருந்து, மனைவி எடித்தம்மாவோடு ஆறு வருஷத்துக்கு முன் வந்தவர். எட்டு வயதில் எலன், நாலு வயதில் பீட்டர். காலை ஆறரைக்குக் கால்மிதி ஆர்மோனியம், ஒரு பாட்டு, ஒரு ஜெபம், பிறகு ஓட்ஸ் கஞ்சி. எடித்தம்மா தமிழை வேதாகமத்திலிருந்து கற்றவர். "ராசம்மாளே, இந்தக் கஞ்சி மிகவும் நன்மையாயிருக்கிறது" என்பார். பிள்ளைகள் தமிழைச் சமையலறையில் கற்றவர்கள். "கஞ்சி வேணாம் போ, ரொட்டி குடு ராசக்கா" என்று பீட்டர் தட்டைத் தள்ளுவான். தாயும் மகனும் பேசுவது ஒரே மொழிதான் என்று நம்ப ராசம்மாவுக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

அவள் ஞானஸ்நானம் வாங்கவில்லை. பாதிரியார் வருஷத்துக்கு ஒரு தரம் கேட்பார். "நான் மாரியாத்தாகிட்டயே இருந்துக்கிறேங்க ஐயா. அவளுக்கும் ஆளு வேணும்ல" என்று பதில் வரும். காலைப் பாட்டின் ராகம் மட்டும் அவளிடம் ஒட்டிக்கொண்டது. வெங்காயம் நறுக்கும்போது வாய் தானாக முணுமுணுக்கும்.

கோபம் வந்தால் அவள் குரல் உயராது, மரியாதை உயரும். வழக்கமாக 'அம்மா' என்று கூப்பிடும் எடித்தம்மாவை அன்றைக்குத் 'தொரசானி' என்பாள். தோட்டத்தில் தொரசானி என்றால் பெரிய பங்களாவில் இருக்கும் துரையின் மனைவி. தாங்கள் அந்த இனம் இல்லை என்று நம்பித்தான் எடித்தம்மா கடல் தாண்டி வந்தார். அந்த ஒரு சொல்லுக்கு அவர் முகம் சுருங்குவது ராசம்மாவுக்குத் தெரியும். தெரிந்தே சொல்வாள்.

வருஷத்துக்கு ஒருமுறை பாதிரியாரின் அமெரிக்க ஊர்ச் சபையின் பெண்கள் சங்கத்திலிருந்து கப்பலில் ஒரு பெட்டி வரும். கொட்டகலை ஸ்டேஷனிலிருந்து அது வீட்டுக்கு வரும் நாள் பிள்ளைகளுக்குத் திருநாள். உள்ளே முனை உடைந்த வர்ணக் குச்சிகள், யாரோ போட்டுச் சலித்த கோட்டுகள், ஒற்றைக் காலுக்கு மட்டும் ஒரு சக்கரச் சப்பாத்து. பெட்டிக்கு ஒரு சட்டமும் உண்டு. எது வந்தாலும் நன்றிக் கடிதம் போக வேண்டும். கூடவே, அதை அனுபவிக்கிற படம். போன வருஷம் காது மூடிய கம்பளிக் குல்லாயில் எலனை நிறுத்தி எடுத்தார்கள். குல்லாய் அரித்தது. பிள்ளை அழுதாள். அழுகை தெரியாத படம் கிடைக்க மூன்று தரம் எடுக்க வேண்டியிருந்தது. எடித்தம்மாவே தேய்ந்த செருப்பைத்தான் தைத்துத் தைத்துப் போடுகிறார். புதுச் செருப்பு படத்தில் விழுந்தால் அங்கே சங்கத்தில் ஒருத்தி, யார் காசில் வாங்கியது என்று கேட்பாள்.

இந்த வருஷம் பெட்டியின் அடியில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. நூல் கட்டிய சின்னச் சின்னக் காகிதப் பைகள், விளிம்பு வரை. ராசம்மா வழக்கம்போலக் கண்ணை மூடி முகர்ந்தாள். கண்ணைத் திறக்க நேரமாயிற்று.

"இது குடிச்ச தேயில."

எடித்தம்மா கூட வந்த கடிதத்தைப் படித்தார். படிக்கப் படிக்கக் கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. மறைக்கத் தெரியாத மனுஷி. அப்படியே தமிழில் சொன்னார். சங்கத்துப் பெண்கள் வருஷம் முழுவதும் சேர்த்தார்களாம். ஒவ்வொரு பையையும் ஒரே ஒரு முறைதான் தோய்த்தார்களாம். சாரம் இன்னும் மீதி இருப்பதால் எறிய மனமில்லாமல் காயவைத்து, மலையில் வாழும் ஏழைத் தொழிலாளிகளுக்கு அன்போடு அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் அதைக் குடித்து மகிழும் படம் ஒன்று வேண்டும்.

இந்த மலையில் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு வரிசையில் நின்று, அட்டை கடித்த காலோடு எடுத்த கொழுந்து அது. நல்லதெல்லாம் பெட்டியில் ஏறிக் கொழும்புக்குப் போகும். எடுத்தவளுக்குக் கிடைப்பது கூட்டித் தள்ளிய தூள். கப்பலேறிப் போனது, அங்கே ஒரு முறை நனைந்து, மீண்டும் கப்பலேறி எடுத்தவளிடமே தருமமாக வந்திருக்கிறது. தனக்கு வேண்டாததைக் கொடுப்பவன் அதோடு நிறுத்திக்கொண்டால் பொறுக்கலாம். வாங்குகிறவளின் சிரிப்பையும் சேர்த்துக் கேட்பதற்கு எந்த வேதத்தில் இடம் இருக்கிறது? எடித்தம்மா ஊருக்கு எழுதும் கடிதங்களில் 'அந்நிய தேசத்தில் வாழ்கிறோம்' என்ற வரி தவறாமல் வரும். இங்கேயே பிறந்த ராசம்மாவின் பிரஜாவுரிமை மனுவையும், அவள் அந்நிய தேசத்துக்காரி என்றுதான் அரசாங்கக் கச்சேரியில் தள்ளிவிட்டார்கள். அவள் எந்தத் தேசத்திலிருந்து யாருக்குப் படம் அனுப்புவது?

ஆனால் அதே சங்கம்தான் பால்மாவும் அனுப்புகிறது. மூன்று மணிக்கு, தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள் கோப்பையோடு விறாந்தையில் வரிசையாக உட்காருவார்கள். ராசம்மா பாலை ஆற்றி ஊற்றுவாள். படம் போகாவிட்டால் பால்மா நின்றுவிடுமோ என்பது எடித்தம்மாவின் பயம். பாதிரியார் அந்தப் பயத்தைச் சுருக்கமாகச் சொன்னார்: "ஒரு படம்தானே, ராசம்மா. லயத்திலிருந்து நாலு பேரை நாளைக்கு அழைத்து வா."

அன்று பாலுக்குப் பிள்ளைகள் இரண்டைக் கூட்டிக்கொண்டு வந்த பேச்சியம்மாவிடம் ராசம்மா டின்னைக் காட்டினாள்.

"வெள்ளக்காரி எச்சி நமக்குத் தீர்த்தமாக்கா?" என்று பேச்சியம்மா வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. தன் சின்னவன் கோப்பையை நக்குவதைப் பார்த்தாள். "ஏக்கா, படம் இல்லேன்னா பாலு நின்னுருமா?"

"அப்புடித்தான் பயப்புடுறாங்க."

"அப்ப விடு. நான் வந்து நிக்கிறேன். சிரிச்சா எனக்கென்ன பல்லா கொட்டிரும்?"

குடித்த தேயிலைக்குக்கூட ராசம்மா அவ்வளவு கொதிக்கவில்லை. இந்தப் பேச்சில்தான் கொதித்தாள். "நீ வரவேணாம். நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

மறுநாள் நாலு மணிக்கு, கேட்காமலே, பாதிரியார் குடும்பத்துக்குத் தேநீர் வந்தது. விருந்தாளிக்கு மட்டும் எடுக்கும் பூப்போட்ட கோப்பைகள். பிள்ளைகளுக்கும் இரண்டு. ஒவ்வொரு கோப்பையிலிருந்தும் ஒரு நூல் வெளியே தொங்கியது.

எலன் ஒரு வாய் குடித்துத் துப்பினாள். "ராசக்கா, இது பாத்திரம் கழுவுன தண்ணி!"

"இல்ல பாப்பா, சாரம் மீதி இருக்காம். உங்க ஊரு அம்மாமாரு சொல்லியிருக்காங்க."

"நீ செய்கிறது சரியல்ல" என்றார் பாதிரியார்.

"சரிங்க ஐயா. பாலுக்கு நன்றி சொல்லச் சொல்லுங்க, காலுல விழுந்து சொல்றேன். எங்க புள்ளைக குடிக்குது. இதுக்கு எப்புடிங்க பல்லக் காட்டுறது?" பிறகு எடித்தம்மாவைப் பார்த்துத் திரும்பினாள். "படந்தானே வேணும் தொரசானி? குடிக்கிற படம். அதுல யாரு குடிச்சா என்ன?"

எடித்தம்மா தம் கோப்பையைப் பார்த்தார். நூலைப் பிடித்துப் பையை வெளியே எடுக்கப் போனவர், எடுக்காமல் விட்டார். எழுந்து உள்ளே போய்ப் பெட்டிக் கேமராவைக் கொண்டுவந்தார். அதில் எப்போதும் பாதிரியார்தான் படம் எடுப்பார். எடித்தம்மா அதை ராசம்மாவின் கையில் வைத்து, எந்த விசையைத் தட்ட வேண்டும் என்று காட்டிவிட்டு, நாற்காலியில் போய் உட்கார்ந்து பீட்டரை மடியில் தூக்கிக்கொண்டார். சங்கத்துக்கு அவர் உண்மையை எழுதினாரா என்றால், இல்லை. நன்றி என்றுதான் எழுதினார். அந்தத் துணிச்சல் அவரிடம் இல்லை. படத்துக்கு உட்காரும் துணிச்சல் இருந்தது.

அந்தக் கேமராவைக் குனிந்து மேலிருந்து பார்க்க வேண்டும். ராசம்மா குனிந்தாள். உள்ளங்கையளவுகூட இல்லாத கண்ணாடியில் நாலு பேரும் கோப்பையோடு தெரிந்தார்கள். தாய் குடித்தாள். பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார்கள். பாதிரியார் கோப்பையை உதட்டில் வைத்தபடி அசையாமல் இருந்தார்.

"ஐயா, தொண்டைக்குள்ள எறங்கலீங்களே" என்றாள் ராசம்மா, தலை நிமிராமல்.

விசையின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, அவர் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கும் வரை காத்திருந்தாள்.