கழுத்துக்குப் போன கலங்கள்

நான் இணுவிலில் புகையிலை செய்கிறவன். வெற்றிலையோடு என் தோட்டத்துப் புகையிலையைத்தான் போடுவேன். கன்னத்துக்குள் ஆறாத புண் வந்தது. ஆஸ்பத்திரியில் சதை வெட்டிச் சோதித்தார்கள். சோதனை முடிவை வாங்கிவர அண்ணை போனார். "பல்லுக் கீறின புண்ணாம்" என்றார். நம்பினேன்.

இரண்டு மாதத்தில் என் மகளின் கலியாணம் முடிந்தது. அதற்குள் கழுத்தில் கட்டி வந்துவிட்டது. அண்ணையே தன் மோட்டார் சைக்கிளில் என்னை டொக்டரிடம் கூட்டிப்போனார்.

"புற்றுநோய் எண்டு உங்கடை அண்ணையிட்டை அப்பவே சொன்னனாங்கள், ஐயா," என்றார் டொக்டர். "கன்னத்துச் சதையிலை இருக்கிற கலங்கள், அந்தச் சின்ன உயிரணுக்கள், ஒண்டையொண்டு பிடிச்சுக்கொண்டுதான் இருக்கும். காயம் வந்தால், பிடியை விட்டு நகர்ந்து மூடச்சொல்லி ஒரு கட்டளை வரும். இந்த நோயிலை அந்தக் கட்டளை நிக்காது. கலங்கள் உருமாறி வெளிக்கிட்டிடும். உங்களுக்குக் கழுத்துக்கு வந்திட்டுது."

நான் அண்ணையைப் பார்த்தேன்.

"ஊருக்குத் தெரிஞ்சால் பிள்ளையின்ரை சம்பந்தம் குழம்பியிருக்குமடா."

"ஊருக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம், அண்ணை. இது என்ரை வாய். எனக்குச் சொல்லியிருக்கலாம்."



காயத்தை ஆற்ற வந்த கட்டளைதான் என்னைக் கெடுத்தது. அண்ணையும் நல்லது நினைத்துத்தான் மறைத்தார். அது எனக்கு விளங்குகிறது. ஆனாலும் அன்று அவருடைய மோட்டார் சைக்கிளில் நான் ஏறவில்லை. பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.