ஸ்டெல்லா அக்கா நிறுத்திய பள்ளம்

செவ்வாய்க்கிழமை காலை, பல்கலைக்கழக வளாகத்தில் கல் இருக்கைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா அக்காவின் கணவர் அருள் அண்ணன் அழைத்தார். "ஸ்டெல்லா போயிட்டாப்பா." அக்காவும் நானும் அங்கே அமைத்த திறந்தவெளி வட்டத்துக்குச் சனிக்கிழமை திறப்பு விழா. அதைப் பார்த்துவிடத்தான் அக்கா ஆஸ்பத்திரியில் நாள்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

ஃப்ரீமான்ட் தேவாலயத்தில் அவரோடு பாடிய உங்களுக்கு அவர் குரல் தெரியும். வேலையிடத்தில் அந்தக் குரல் நடுங்கியதை நான் கேட்டிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வளாகம் இருப்பது அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் நிலம். அவர்கள் கூடிப் பேச, வழிபட, நெருப்பு மூட்ட, ஓக் மரங்களுக்கிடையே ஒரு திறந்தவெளி வட்டம் அமைக்கும் வேலை பல்கலைக்கழகத்தின் கட்டுமானப் பணிகளைக் கவனிக்கும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. அக்கா பொறுப்பாளர், வரைபடம் என்னுடையது. தோண்டத் தொடங்கிய மூன்றாம் நாள், சிப்பித் துண்டுகளோடு ஓர் எலும்பு வெளிப்பட்டது.

"மான் எலும்பா இருக்கும்க்கா. மழைக்கு முன்னாடி முடிக்கணும், கன்டினியூ பண்ணலாம்" என்றேன்.

அக்கா பள்ளத்துக்குள் இறங்கி தோண்டும் எந்திரத்தின் முன்னால் நின்றார். "எனக்கும் பயமாத்தான்ப்பா இருக்கு. ப்ராஜெக்டே கேன்சல் ஆகலாம். ஆனா இது யாரோட எலும்புன்னு நாம முடிவு பண்ணக் கூடாது. ஸ்டாப் பண்ணச் சொல்லு."

அதிகாரிகளுக்குத் தகவல் சொன்னார். பிறகு பூர்வகுடிக் குழுவின் மூத்தவரான ரூத்தை அழைத்தார். பதினொரு நாள் காத்திருந்தோம். வேலை எப்போது மறுபடி தொடங்கும் என்று மேலதிகாரி தினமும் கேட்டார். அக்காவின் மதியச் சாப்பாடு திறக்கப்படாமலே வீடு திரும்பியது. "தூங்கினீங்களாக்கா?" என்றால், "தூக்கம் எங்கேப்பா வருது..." என்பார். அந்த நாள்களில்தான் புற்றுநோயா என்று பார்க்கும் தன் பயாப்சி முடிவுக்காகவும் அவர் காத்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

எலும்பு மனிதருடையது என்று ஆய்வில் தெரிந்தது. ரூத்தின் முன்னோர்களில் ஒருவர். மண்ணை மூடி அப்படியே விடச் சொன்னார் ரூத். வட்டத்தை மரங்களுக்கு அப்பால் நகர்த்தி மறுபடி வரைந்தேன். ரூத் கோபப்படுவார் என்றே நினைத்திருந்தேன். அவரோ அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "வழக்கமாக எல்லாம் முடிந்த பிறகுதான் எங்களுக்குச் சொல்வார்கள். நீங்கள் முதலிலேயே கூப்பிட்டீர்கள்" என்றார்.

சனிக்கிழமை விழாவில் ரூத் என்னிடம், "ஸ்டெல்லா எங்கே?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். ஓரமாக நின்ற அருள் அண்ணனை அழைத்துத் தன் அருகில் உட்கார வைத்தார். அதன் பிறகே நெருப்பு மூட்டினார்கள்.

அடுத்த வாரம் இன்னோர் இடத்தில் தோண்ட வேண்டும். நான் தனியாகப் பொறுப்பேற்கும் முதல் வேலை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. நேற்று ரூத்தை அழைத்து, அந்த நிலத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன். பயம் போகும்வரை காத்திராமல் கேட்டுவிடுவது: அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான்.