மூன்று ஃபாரம்

இன்று காலை பதிப்பகத்திலிருந்து போன். நான் எழுதிக்கொண்டிருக்கும் புத்தகம் எத்தனை பக்கம் வரும் என்று கேட்டார்கள். "ஃபாரத்துக்குச் சரியா வர்ற மாதிரி முடிச்சுக் குடுத்துருங்க மேடம்" என்றது ஒரு இளம்பெண்ணின் குரல். ஃபாரம் என்ற சொல் காதில் விழுந்ததுமே மூக்கில் மண்ணெண்ணெய் வாசம் ஏறிவிட்டது.

குன்னூரில் ஒரு சின்ன அச்சகத்தில் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிற வேலைதான் எனக்கு முதல் வேலை. ராத்திரி மையைத் துடைத்த மண்ணெண்ணெய் வாசம் மறுநாள் மத்தியானம் வரை போகாது. ஆடி மழையில் காகிதம் ஈரம் குடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காகித அறையில் குண்டு பல்பு எரியவிட்டுக் காயவைப்போம். எனக்கு ஸ்வெட்டர் ஒன்றுதான், காகிதத்துக்கு அந்த அறையே கம்பளி. குளிர் தாங்காமல் நானும் அடிக்கடி அங்கே போய் நின்றுகொள்வேன். எதையோ தேடுகிற மாதிரி நடிப்பு வேறு.

பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். அந்த வேலையில் நான் கற்ற முதல் பாடம் அது. கற்றது அரைகுறை என்று பிறகுதான் தெரிந்தது.

சுப்பையா வந்தது அப்படியொரு மழை நாளில். இலங்கையிலிருந்து திரும்பி வந்து, தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தோட்டத்தில் லயம் என்கிற வரிசை வீடுகள் அஞ்சு, லயத்துக்குப் பத்து காம்பரா. ஒரு காம்பராவில் ஒரு குடும்பம். வீட்டுக்கு ஒரு பக்கமென்று ஐம்பது குடும்பத்தைப் பற்றியும் எழுதி, நோட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். யார் எந்தக் கப்பலில் வந்தார்கள், யாருக்கு எத்தனை பிள்ளைகள், யார் வீட்டு ரொட்டி மெத்தென்று இருக்கும், எல்லாமே அதில் இருந்தது. நான்தான் டைப் அடித்தேன். தலைப்புப் பக்கம் முதலான இரண்டையும் சேர்த்தால் ஐம்பத்திரண்டு.

டைப் முடிந்து சுப்பையா பார்க்க வந்த அன்று முதலாளி கோயமுத்தூர் போயிருந்தார். எனக்கு அஞ்சு மணி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம்.

"ஏனுங்க, நாலு பக்கத்தக் கொறச்சா மூணு ஃபாரத்துல முடிஞ்சுருமுங்க" என்றேன், பெரிய நிபுணர் மாதிரி.

"கூடிப்போச்சா புள்ள?"

"மிஷினுக்கு அளவு அதுதானுங்க."

அவர் பெஞ்சில் உட்கார்ந்து டைப் அடித்த தாள்களைப் புரட்டினார். முதலில் தன் வீட்டுப் பக்கத்தை எடுத்தார். "என் பேரு அட்டையிலயே இருக்கே" என்றார். அப்புறம் மூன்று தாள்களுக்கு ரொம்ப நேரம் ஆனது. "இவங்களக் கேட்டு வர ஆளு இல்ல" என்று சொல்லிவிட்டு என் மேசையில் வைத்தார். அங்கேயே அவர் கண்முன்னால் கம்ப்யூட்டரில் நான்கையும் அழித்தேன். பஸ்ஸையும் பிடித்துவிட்டேன்.

புத்தகம் அச்சாகிப் போன பிறகு முதலாளியிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். "கால் ஃபாரம் தனியா ஓட்டிக் குடுத்திருப்பனே. ஏம் புள்ள அவசரப்பட்டே?" என்றார். சுப்பையாவிடம் இதை நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் இன்றுவரை எனக்கு வெட்கம்.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். நோட்டு என்ன ஆனதென்று அவர் மகளுக்கும் தெரியவில்லை. அச்சகம் இருந்த இடத்தில் இப்போது சாக்லேட் கடை. போன மாதம் தோட்டத்துப் பக்கம் போனேன். லயங்களை இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தார்கள். தண்ணீர்க் குழாய் மட்டும் நின்றது. அழுகை வருமென்று நினைத்தேன், வரவில்லை. குளிரில் விரல் மரத்த மாதிரி மனசும் கிடந்தது. பஸ் வந்ததும் ஏறிவிட்டேன்.

நாற்பத்தாறு குடும்பம் என் அலமாரியில் இருக்கிறது. காலையில் போனை வைத்துவிட்டு விட்டுப்போன அந்த மூன்று வீட்டாரை நினைவிலிருந்து எழுதிப் பார்க்கலாமென்று உட்கார்ந்தேன். இந்தக் கையால் டைப் அடித்தவைதானே. மத்தியானம் வரை உட்கார்ந்தும் ஒரு பேர்கூட வரவில்லை. மூன்று பக்கத்துக்குமாகக் கிடைத்தது ஒரே வரிதான்: ஒரு வீட்டுக் கதவுக்குப் பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள். அது எந்த வீடு என்று தெரியவில்லை.