பேஷண்ட் யாரு?

திண்டிவனத்தில் இன்வெர்ட்டர் பேட்டரி விற்பது என் தொழில். ஊரில் கரண்ட் போனால் எனக்குச் சந்தோஷம். ஆனால் ஒருநாள் விழுப்புரம் பஸ்ஸில் எனக்கே கரண்ட் போய்விட்டது. நெஞ்சை யாரோ ஈரத்துணி மாதிரி முறுக்கிப் பிழிந்தார்கள். கண்டக்டரைக் கூப்பிட்டு, "நான் செத்துக்கினு இருக்கேங்க" என்று பணிவாகத் தகவல் சொன்னேன்.

"முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில எறக்கி உடுறேன். அதுவரிக்கும் கம்பியப் புடிச்சிக்கோ" என்றார்.

ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, இதயத்தில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு அவமானமாக இருந்தது. இத்தனை ஆர்ப்பாட்டம் செய்துவிட்டு, ஒன்றுமில்லையாம் என்று எப்படி வீட்டுக்குப் போவது? அங்கே இருந்த ஒரு நர்ஸ் அக்காதான், "இது பதட்டம் ராசா. ஞாயித்துக்கெழம எங்க வூட்டுக்கு வா, நாலு பேரு பேசிக்கினு இருப்போம்" என்றார்.

அந்த நாலு பேர்தான் பின்னால் 'மனநல வலைப்பின்னல்' என்று பெரிய பெயர் வைத்துக்கொண்டோம். நர்ஸ் அக்கா ஒருவர். கோட்டகுப்பத்திலிருந்து வரும் அக்கா ஒருவர், வீட்டுக்காரர் துபாயில். அங்கே கணவன் வெளிநாட்டில் இருக்கும் பெண்கள் போனில் சொல்ல முடியாததையெல்லாம் இவரிடம்தான் கொட்டுவார்கள். மூன்றாவது, அஞ்சல் வழியில் உளவியல் படித்த பள்ளிக்கூட வாத்தியார். எங்களில் பட்டம் பெற்றவர் அவர் மட்டுமே. நாலாவது நான். சிகிச்சைக்கு வந்து அப்படியே தங்கிவிட்ட ஆள்.

எங்களுக்கென்று ஒரு முறை உண்டு. யார் வந்தாலும் முதலில் மடியில் ஒரு முறத்தை வைப்போம். அதில் மல்லாட்டை, அதாவது தோலுரிக்காத வேர்க்கடலை, இருக்கும். உடைத்துக்கொண்டே பேச வேண்டும், முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. கை வேலையில் இருந்தால் வாய் தானாகத் திறக்கும் என்பது நர்ஸ் அக்காவின் கொள்கை. உடைத்த பருப்பெல்லாம் அவர் நிலத்துக்கு விதையாகப் போகும். வந்தவர்களின் மனசு லேசாயிற்றோ இல்லையோ, அக்காவுக்கு உடைகூலி மிச்சம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, மனநல நிபுணர்களின் சங்கம் ஒன்று சென்னையிலிருந்து எங்களைச் சேரச் சொல்லி அழைத்தது. சேர்ந்தால் பயிற்சி தருவார்கள். எப்போது கூப்பிட்டாலும் போனில் ஒரு டாக்டர் கிடைப்பார். நிபந்தனை இரண்டு. பயிற்சி முடித்தவர்கள் மட்டுமே அடுத்தவர் கஷ்டத்தை உட்கார்ந்து கேட்கலாம். தானே சிகிச்சையில் இருப்பவர் கேட்கக் கூடாது.

அதாவது, நான் கூடாது.

எனக்கு அந்த முறம்தான் மருந்து. பதட்டக்காரன் என்று வந்தவன், அடுத்தவர் பதட்டத்தைக் கேட்பவன் என்று ஆன பிறகுதான் பஸ் ஏறும் தைரியமே வந்தது. அதைப் பிடுங்கப் போகிறார்கள். இதை நேராகச் சொல்ல வெட்கப்பட்டு, கொள்கை பேசினேன்.

"சங்கத்துல சேந்தா மல்லாட்டைக்கும் லைசென்ஸ் கேப்பாங்க!"

"உன் பயத்த சொல்லு, மல்லாட்டைய ஏன் இழுக்குற?" என்றார் கோட்டகுப்பத்து அக்கா.

"எனக்கின்னா பயம்?"

"அப்ப கை ஏன் நடுங்குது?"

கையை முறத்துக்கடியில் மறைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு மற்றவர்கள் கல்யாணத்துக்குப் போய்விட, நான் மட்டும் இருந்தேன். மண்டகப்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு டிராக்டர் டிரைவர் வந்தார். என் வயதுதான். (இதை அவர் அனுமதியோடு எழுதுகிறேன். "நீங்க அழுததையும் சேத்து எழுதுறதா இருந்தா எழுதுங்க" என்று சொல்லிவிட்டார்.) பாதி முறத்தை உடைத்து முடித்தவர், சாதாரணக் குரலில், "போய்ச் சேந்துடலாமான்னு இருக்குதுங்க" என்றார்.

நான் ஒரு ஜோக் சொன்னேன். அவர் மரியாதைக்குச் சிரித்தார். இனி என்ன சொல்வது, யாரைக் கேட்பது? நர்ஸ் அக்கா போனை எடுக்கவில்லை. இவரைத் தனியாக விடக்கூடாது என்பது மட்டும் தெரிந்தது. ஸ்கூட்டரில் ஏற்றி முண்டியம்பாக்கத்துக்கு விட்டேன். பாதி வழியில் எனக்கு மூச்சு வாங்கியது, விரல்கள் மரத்தன. வண்டியை அவர் வாங்கிக்கொண்டார். ஆக, தற்கொலை எண்ணத்தோடு வந்தவர், என்னைப் பின்னால் உட்காரவைத்து, "பயப்படாதீங்க, தோ வந்துடுச்சி" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

அவசரப் பிரிவில், "பேஷண்ட் யாரு?" என்று கேட்டார்கள்.

"இவருதாங்க" என்று அவர் என்னைக் காட்டினார்.

என்னைப் படுக்கவைத்து ஒயர்களை ஒட்டினார்கள். அவர் பக்கத்தில் நின்று விசிறிக்கொண்டிருந்தார். மறுபடியும் இதயம் பிரமாதமாக இருந்தது. படுத்தபடியே டாக்டரின் கோட்டைப் பிடித்து இழுத்து, "நான் இல்லீங்க, விசிறிக்கினு இருக்காரே, அவரப் பாருங்க" என்றேன். அப்போது அழுதேன் என்பது உண்மைதான். அவரை உள்ளே சேர்த்துக்கொண்டார்கள்.

அதற்கு மறுவாரம் வாக்கெடுப்பு. வலைப்பின்னலுக்கு வந்துபோகும் எல்லா ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். சங்கத்தில் சேர வேண்டுமென்றால் முறத்தில் பருப்பைப் போடணும், வேண்டாமென்றால் தோலைப் போடணும். யார் எதைப் போட்டார்கள் என்று தெரியக்கூடாது என்பதால் முறத்தின்மேல் துண்டு போட்டிருந்தது. அது என் மடியில் இருந்தது. ஒவ்வொருவராக வந்து துண்டுக்கடியில் போட்டு முடித்ததும் துண்டை எடுத்தார்கள். தோல்தான் கிடந்தது; பருப்பு இரண்டோ மூன்றோ.

"அவ்ளோதானா?" என்றார் வாத்தியார், நம்பமுடியாமல்.

கோட்டகுப்பத்து அக்கா என் வாயையே பார்த்தார். "இன்னா மென்னுக்கினு இருக்குற?"

பதட்டத்தில் துண்டுக்கடியில் கைவிட்டு ஆதரவு வாக்குகளை எல்லாம் தின்றிருக்கிறேன். சத்தியமாகச் சதி இல்லை. பழக்கதோஷம்.

"முழுங்கிட்டு வாயத் தொற! இன்னா பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீ!" என்று நர்ஸ் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். மறுவாக்குப்பதிவு, இந்த முறை கையைத் தூக்கி. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். எப்படியும் எதிர்ப்பேன் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அந்த ஸ்கூட்டர் பயணம்தான் கண்ணில் நின்றது. எடுக்காத போனும், அந்த மரியாதைச் சிரிப்பும். சேரலாம் என்று முதலில் தூக்கியது என் கைதான். நடுங்கியது, மறைக்க முறம் மடியில் இல்லை, பிடுங்கி வைத்திருந்தார்கள்.

சேர்ந்துவிட்டோம். நான் இப்போது கேட்கிறவன் இல்லை, வருகிறவன். வாத்தியார் கேட்கிறார், நான் உடைக்கிறேன். போன ஞாயிறு டிராக்டர்காரர் வந்தார். மாத்திரை சாப்பிடுகிறார், முகம் தெளிந்திருக்கிறது. என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் முறத்திலிருந்து ஒரு குத்து மல்லாட்டையை என் பக்கம் தள்ளினார்.

"இன்னிக்குப் பேஷண்ட் யாருங்க?"

"ரெண்டு பேரும்தான்" என்றேன்.

"அப்ப வண்டிய நானே ஓட்றேன்" என்றார்.